ஓடும் மணலுக்கு விரிக்கும் பாய்

முகுந்தராயர் சத்திரத்திலிருந்து அரிச்சல்முனை வரை 9.5 கி.மீ. நீளச் சாலை 2017 ஜூலையில் திறக்கப்பட்டது. ஒருபுறம் பாக் நீரிணை, மறுபுறம் மன்னார் வளைகுடா, நடுவில் வெறும் மணல். ஆனி, ஆடியில் தென்மேற்குக் காற்று எழும்போது அந்த மணல் தாரின் மேல் ஏறிப் படுத்துக்கொள்கிறது. வாரி ஒதுக்கினால் மறுநாள் திரும்பி வருகிறது. மாவட்டத்தின் உள்பகுதியில் வேறு மண், வேறு விதமாக நழுவுகிறது. ஐப்பசி, கார்த்திகை மழை கண்மாய்க் கரைகளின் சரிவில் விரலளவு கீறலாகத் தொடங்கி, ஆள் இறங்கும் ஓடையாக அறுத்துவிடுகிறது.

பிடிப்பில்லாத மண்ணை எதைக் கொண்டு நிறுத்துவது? இராமநாதபுரம் கரையில் இந்தக் கேள்வி மிகப் பழையது. ஒவ்வொரு காலமும் தனக்கு எட்டிய விடையைச் சொல்லியிருக்கிறது: பனை, சவுக்கு, சீமைக் கருவேல், கருங்கல். கடைசியாக வந்து சேர்ந்திருப்பது ஜியோ டெக்ஸ்டைல், அதாவது மண்ணின் மேல் விரிக்கும் துணி அல்லது வலை. தென்னை நாரால் நெய்தால் அது மக்கிப்போகும். பாலிபுரொப்பிலீனால் நெய்தால் மக்காது. வறண்ட சரிவில் செடி பிடிக்க இந்த விரிப்பு உதவுமா என்பதில் பொறியாளர்கள், வனத்துறையினர், சூழலியலாளர்கள் ஆகியோரிடையே ஒரே கருத்து இல்லை.

காற்று, மழை, அலை

விடைகள் மோதிக்கொள்வதற்கு முதற்காரணம், கேள்வியே ஒன்றல்ல என்பதுதான். இங்கே மண்ணுக்கு மூன்று பகைகள்.

மணல்மேட்டைக் கலைப்பது காற்று. காய்ந்த மணலை அது குதிக்கவைத்து நகர்த்துகிறது. ஒரு மணி விழும் இடத்தில் இன்னும் சில மணிகள் எழும்புகின்றன. குவிந்த காய்ந்த மணல் ஏறத்தாழ 30 முதல் 34 பாகைச் சரிவு வரைதான் தானாக நிற்கும். அதற்கு மேல் சரியும்.

கண்மாய்க் கரையை அறுப்பது மழை. மாவட்டத்தின் ஆண்டு மழை சுமார் 800 மி.மீ.; அதில் பெரும்பகுதி அக்டோபர் முதல் டிசம்பர் வரை, அதுவும் சில நாள்களில் கொட்டித் தீர்க்கிறது. 2024 நவம்பர் 20 அன்று இராமேசுவரத்தில் ஒரே நாளில் 40 செ.மீ.க்கு மேல் பெய்தது. ஆண்டு மழையில் ஏறக்குறைய பாதி அது. ஒன்பது மாதம் காய்ந்து, புல் செத்து, வெறுமையாகக் கிடக்கும் சரிவின் மேல் பருவத்தின் முதல் மழை விழுகிறது. கமுதி, முதுகுளத்தூர் பக்கத்துக் கரிசல் கோடையில் பிளந்து கிடக்கும். அந்த வெடிப்புகளே நீருக்கு வழியாகின்றன.

மூன்றாவது பகை அலை. 1964 டிசம்பர் 22ஆம் தேதி இரவு புயலலை தனுஷ்கோடியை அழித்ததை இந்தக் கரை மறக்கவில்லை. அத்தகைய அலைக்கு முன்னால் எந்த விரிப்பும் நிற்காது. விரிப்பைப் பற்றிய விவாதத்தில் காற்று, மழை, அலை மூன்றையும் கலந்து பேசுவதால்தான் பாதிக் குழப்பம்.

பனையும் அடம்பும்

மிகப் பழைய விடை செடிகொடிகளுடையது. சங்க இலக்கியத்தின் நெய்தல் பாடல்களில் வரும் அடும்பு, தாழை, புன்னை ஆகியவற்றை இன்றும் இந்தக் கடற்கரையில் காணலாம். இப்போது அடம்பு என்று வழங்கும் அந்தக் கொடி கணுவுக்குக் கணு வேர்விட்டு மணலின் மேல் வலையாகப் படர்கிறது. அதன் அருகிலேயே வளரும் இராவணன் மீசையின் இலை ஊசிபோல் குத்தும்; ஆடு வாய்வைக்காது. காற்று உருட்டிச் செல்லும் அதன் உருண்டைக் கதிர் போகுமிடமெல்லாம் விதை போடுகிறது. மணல் மூடினாலும் இந்த இரண்டும் மேலெழுந்து வளரும். மணலைப் பிடிக்கப் பிடிக்க மேடு உயரும். மேடு உயர உயர அவையும் உயரும். இயற்கையே நெய்த விரிப்பு என்று இவற்றைச் சொன்னால் மிகையில்லை.

மேட்டுக்குப் பின்னால் பனையும் குடைபோல் விரியும் உடை மரமும். கண்மாய்க் கரையிலும் தேரியிலும் பனை நட்டது கள்ளுக்கும் கருப்பட்டிக்கும் மட்டுமல்ல; கட்டுக்கட்டாக இறங்கும் அதன் சல்லிவேர் மண்ணை விடாது. தேரி எனப்படும் செம்மணல் மேடுகளை நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட், மதுரை, திருநெல்வேலி மாவட்டங்களைப் பற்றிய 1883ஆம் ஆண்டு அறிக்கையிலேயே விவரித்திருக்கிறார்.

இந்த விடையின் குறை, காலம். பனை பயன் தருகிற மரமாக நிற்க 15 ஆண்டாவது ஆகும். அடம்பு விரைவாகப் படரும். ஆனால் சுற்றுலா வண்டிகளின் சக்கரமும் மிதிக்கும் கால்களும் ஓயாத இடத்தில் தானாகத் திரும்பி வராது. புதிதாக வெட்டிய சரிவுக்கும் நேற்று உடைந்த கரைக்கும் இவற்றால் உடனடி மருந்தாக முடியாது.

சவுக்கும் சீமைக் கருவேலும்

அவசரத்துக்கு அரசு கண்ட விடை, வேகமாக வளரும் மரம். சவுக்கு 1860களிலிருந்து சென்னை மாகாணக் கடற்கரையில் விறகுக்காகப் பெருமளவு நடப்பட்டது. வேர்முடிச்சில் வாழும் நுண்ணுயிரின் துணையால் அது காற்றிலிருந்து தழைச்சத்தை எடுத்துக்கொள்கிறது; அதனால் வெற்று மணலிலும் வளர்கிறது. 2004 ஆழிப்பேரலைக்குப் பிறகு தடுப்பரணாகவும் பல இடங்களில் நடப்பட்டது. காற்றின் வேகத்தைக் குறைப்பதில் அதற்குக் குறை சொல்ல முடியாது. ஆனால் உதிர்ந்த அதன் ஊசியிலைப் படுகையின் கீழ் அடம்போ புல்லோ பெரும்பாலும் முளைப்பதில்லை. மரத்தை வெட்டிய மறுநாள் கீழே இருப்பது பழைய வெறும் மணல்தான். ஆமை முட்டையிடும் கரையில் நீர்விளிம்பு வரை சவுக்கு நடுவதைச் சூழலியலாளர்கள் எதிர்ப்பதற்கும் வலுவான காரணம் உண்டு.

சீமைக் கருவேலின் கதை இந்த மாவட்டத்துக்குச் சொல்லித் தெரியவேண்டியதில்லை. வறட்சியில் நின்றது, விறகானது, கரிமூட்டத் தொழிலாக ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்குச் சோறு போட்டது. கூடவே கண்மாயின் உள்வாயையும் வரத்துக் கால்வாயையும் அடைத்தது. 2017இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை அதை அகற்ற உத்தரவிட்டது; அயல் ஆக்கிரமிப்புத் தாவரங்களுக்கென 2022இல் தமிழ்நாடு அரசு தனிக் கொள்கை வெளியிட்டது. இதில் விரிப்புக்கும் ஒரு பாடம் இருக்கிறது. சரிவை மூட வேண்டும் என்ற அவசரத்தில் எதை முளைக்கவிடுகிறோம் என்று பார்க்காவிட்டால், ஐம்பது ஆண்டு கழித்து அதையே பிடுங்கச் செலவழிக்க நேரும். கண்மாய்க் கரையில் விரிக்கும் ஈரம் காக்கும் வலை, ஆட்டுப் புழுக்கையோடு வந்து விழும் கருவேல விதைக்கும் நல்ல மெத்தைதான்.

கல்லின் கணக்கு

கண்மாயின் உள்சரிவில் காற்றெழுப்பும் அலையைத் தடுக்கக் கல் பாவுவது பழைய முறை. இராஜசிங்கமங்கலம் போன்ற, 48 மடை என்று ஊர் பெருமை பேசும் பெருங்கண்மாயில் நீர்ப்பரப்பு அகன்றது, அலையும் பெரிது. அங்கே கல்லுக்கு மாற்றில்லை. கடலோரச் சாலைக்கும் கல்தான் முதல் காவல். ஆனால் கல் அலையை முழுதும் விழுங்குவதில்லை, ஒரு பங்கைத் திருப்பி அனுப்புகிறது. அரிப்பு பெரும்பாலும் சுவர் முடியும் இடத்துக்கு நகர்கிறது. கல்லின் இடுக்கு வழியே கீழிருக்கும் மணல் வெளியேறினால் கல்லே அமர்ந்துபோகும். அந்த இடுக்கை அடைக்கும் தேவையிலிருந்துதான் நவீன ஜியோ டெக்ஸ்டைலின் ஒரு கிளை பிறந்தது.

துணி வந்த வழி

1926இல் அமெரிக்காவின் தென் கரோலினா மாநில நெடுஞ்சாலைத் துறை சாலைக்கு அடியில் பருத்தித் துணி விரித்துச் சோதித்தது. 1930களில் கல்கத்தாவின் ஸ்டிராண்ட் சாலையில் சணல் துணி போடப்பட்டது. இரண்டுமே இயற்கை இழைத்துணிகள், இரண்டுமே நிலைக்கவில்லை. நெதர்லாந்தில் 1953 வெள்ளத்துக்குப் பிறகு எழுந்த பெரும் அணைத் திட்டங்களில், பழைய வில்லோ மரக்கிளைப் படுகைகளின் இடத்தைச் செயற்கை இழைத்துணி பிடித்தது. 1977 பாரிஸ் மாநாட்டில் பிரெஞ்சுப் பொறியாளர் ஜிரூ ஜியோ டெக்ஸ்டைல் என்ற சொல்லைப் பயன்படுத்தினார்; பெயர் நிலைத்தது.

செயற்கைத் துணியின் ஆதரவாளர்கள் காட்டும் இந்திய உதாரணம் ஒடிசாவின் கேந்திரபாரா மாவட்டத்திலுள்ள பெந்தா. சென்னை ஐ.ஐ.டி.யின் வடிவமைப்பில், மணல் நிரப்பிய பெருந்துணிக் குழாய்களை அடுக்கி அங்கே ஏறத்தாழ அரை கி.மீ. நீளக் கடற்காப்பு அமைக்கப்பட்டது. கல் கிடைக்காத, கல்லைச் சேறு விழுங்கும் கரைக்கு அது பொருத்தமான வழி. ஆனால் அது அலைக்கான விடை. செடி வளர்ப்பது அதன் வேலையல்ல.

சரிவின் மேற்பரப்பில் செயற்கை வலை விரிப்பதற்கு எதிரான வாதங்கள் இந்தக் கரையில் கூடுதல் கனம் பெறுகின்றன. வெயிலில் நொறுங்கும் பாலிபுரொப்பிலீன் துணுக்குகள் போய்ச்சேரும் இடம் மன்னார் வளைகுடா. 1986 முதல் கடல்சார் தேசியப் பூங்கா, 1989 முதல் உயிர்க்கோளக் காப்பகம். 2025 ஜூனில் தனுஷ்கோடியில் 524.7 ஹெக்டேர் பூநாரைச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. மணல்மேடுகளே கடலோர ஒழுங்குமுறை மண்டல விதிகளில் மிகக் கடுமையான பாதுகாப்புப் பிரிவில் வருகின்றன. பிளாஸ்டிக் வலைக் கண்ணியில் பாம்பும் பல்லியும் சிக்கிச் சாவது பல நாடுகளில் பதிவாகியிருக்கிறது. ஆமைக் குஞ்சுகள் ஊர்ந்து கடல் சேரும் கரையில் அந்த வலைக்கு இடமில்லை என்ற தரப்பே வலுவானதாகத் தோன்றுகிறது.

தென்னை நாரின் வாக்குறுதி

அடுத்த தரப்பு தென்னை நாருடையது. நாரில் லிக்னின் மிகுதி. அதனால் சணலைவிட மெல்ல மக்கும். சரிவின் குறுக்கே படுக்கும் ஒவ்வொரு கயிறும் ஒரு குட்டித் தடுப்பணை. துளி விழும் வேகத்தை அது உடைக்கிறது, ஓடும் நீரை நிறுத்தி நிறுத்தி விடுகிறது, கயிற்றின் மேல்புறம் வண்டலும் விதையும் தங்குகின்றன. கண்ணிகளின் வழியே புல் எழுகிறது. வேர் பிடித்த பின் நார் மக்கி மண்ணாகிறது.

1953ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த கயிறு வாரியம் இதற்குப் பூவஸ்திரம் என்று பெயரிட்டுப் பரப்பிவருகிறது. ச.மீ.க்கு 400, 700, 900 கிராம் எடைகளில் வலை சந்தைக்கு வருகிறது. இந்தியத் தர நிர்ணய அமைவனம் நெய்த நார்வலைக்கு 2008இலும், சாலை மேடு, ரயில் மேடு, மலைச்சரிவு ஆகியவற்றில் மழையரிப்பைத் தடுக்க அதைப் பயன்படுத்தும் முறைக்கு 2009இலும் தரவிதிகள் வெளியிட்டது. 2020இல் மத்திய ஊரக வளர்ச்சி அமைச்சகம் கிராமச் சாலைத் திட்டத்தில் இதற்கு அனுமதி தந்தபோது, ஏழு மாநிலங்களில் 1,674 கி.மீ. சாலைக்கு ஒதுக்கீடு சொல்லப்பட்டது. தமிழ்நாட்டின் பங்கு 369 கி.மீ. சாலைக்கு அடியில் புதைப்பது வேறு, சரிவின் மேல் வெயிலில் கிடப்பது வேறு என்பதை இந்த எண்ணை எடுத்தாள்வோர் மறக்கக்கூடாது.

களச்சான்று எங்கிருந்து வருகிறது? பெரும்பாலும் கேரளத்திலிருந்து. அங்கே ஒரு சரிவில் நடந்து 2004இல் வெளியான ஆய்வு, நார்வலை விரித்த சரிவில் மண்ணிழப்பு வெகுவாகக் குறைந்ததைக் காட்டியது. அதே ஆய்வில் இன்னொரு முடிவும் இருக்கிறது: ஏழு மாதத்துக்குப் பின் வலையில் எஞ்சியிருந்தது புதுவலையின் வலிமையில் 22 விழுக்காடு. குளக்கரையில் செய்து 2006இல் வெளியான மற்றோர் ஆய்வு, வலையும் புல்லும் சேர்ந்த இடமே நன்றாக நின்றது என்றது.

விற்பனைத் தாள்கள் சொல்லும் ஆயுள் இரண்டு ஆண்டு முதல் ஐந்து ஆண்டு. ஏழு மாதத்தில் ஐந்தில் ஒரு பங்கு வலிமை என்ற அளவீட்டோடு அது எப்படிப் பொருந்தும்? பொருந்த வழியுண்டு. இழுவை வலிமை போன பிறகும் நார் சரிவைப் போர்த்தியபடி கிடக்கும். துளியின் அடியைத் தாங்க அதுவே போதும். கேரளத்தில் இரண்டு பருவமழை; ஏழு மாதத்துக்குள் புல் தன் வேலையை ஏற்றுக்கொண்டுவிடுகிறது. வலை ஓய்வு பெறலாம்.

இராமநாதபுரத்தில் அந்தக் கணக்கு மாறுகிறது. புரட்டாசியில் வலை விரித்து விதை தூவினால் மூன்று மாத மழையில் புல் எழும். தை பிறந்ததும் வறட்சி. பங்குனி வெயிலில் மேலே உள்ள புல் காயும். ஆடிக் காற்று வரும்போது வலைக்கு வயது பத்து மாதம். அடுத்த மழைவரை சரிவைக் காக்க வேண்டியது நட்ட புல்லின் வேரும் பலமிழந்த அந்த நாரும்தான். மழைவளம் மிகுந்த சரிவில் ஒரு பருவம் தாங்கினால் போதுமான வலை, இங்கே இரண்டு பருவமாவது தாங்கியாக வேண்டும். ஈரமில்லாத மண்ணில் நுண்ணுயிர் குறைவாகச் செயல்படும், ஆகவே நார் மெதுவாக மக்கும் என்பது நம்பிக்கை தரும் எதிர்வாதம், நியாயமானதும்கூட. வெயிலும் உப்புக்காற்றும் அந்த ஆதாயத்தை எவ்வளவு தின்னும் என்பதை இந்த மண்ணில் அளந்தால்தான் சொல்ல முடியும்.

இன்னொரு ஐயம் சிறுமழையைப் பற்றியது. நார் நீரை உறிஞ்சும். பெருமழையில் அது நல்லது. ஆனால் சில மி.மீ. தூறலில், மண்ணுக்கு இறங்க வேண்டிய நீரின் ஒரு பங்கை நாரே குடித்து வெயிலுக்குக் கொடுத்துவிடக்கூடும். மறுபுறம், நனைந்த மண்ணின் ஆவியாதலை விரிப்பு குறைக்கிறது. வறண்ட நிலத்தில் இந்த இரண்டில் எது மிஞ்சும் என்பது கண்ணியின் அளவையும் வலையின் எடையையும் பொறுத்தது. கனமான வலையே சிறந்தது என்ற பொது எண்ணம் இங்கே பொருந்தாமல் போகலாம்.

செலவுக்கும் ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். தனுஷ்கோடிச் சாலையின் இருபுறமும் 5 மீட்டர் அகலத்துக்கு மிக இலகுவான 400 கிராம் வலையை விரித்தால் பரப்பு 95,000 ச.மீ., தேவைப்படும் வலை 38 டன். ஆணியடிக்கும் கூலி தனி.

முழுப் பாயா, பட்டைகளா?

இந்த இடத்தில்தான், தமிழகத்தில் அதிகம் பேசப்படாத ஓர் ஆய்வு வரிசை உதவுகிறது. பனையின் தாவரப் பேரினப் பெயரான பொராசஸ் என்பதையே தலைப்பாகக் கொண்டு, 2000களின் பிற்பாதியில் ஐரோப்பிய ஒன்றிய நிதியில் ஒரு திட்டம் நடந்தது. பிரிட்டனின் வுல்வர்ஹாம்ப்டன் பல்கலைக்கழகம் முன்னின்றது. காம்பியாவில் ஆப்பிரிக்கப் பனையோலையால் முடைந்த பாய்களை இங்கிலாந்தின் ஷ்ராப்ஷர் சரிவுகளில் விரித்து மண்ணிழப்பை அளந்தார்கள். தாய்லாந்து, வியட்நாம், சீனா உள்ளிட்ட நாடுகளிலும் சோதனைகள் நடந்தன. ஓலைப்பாய் மண்ணைக் காத்தது என்பதைவிட முக்கியமான முடிவு வேறு. சரிவு முழுவதையும் மூடாமல், கீழ்விளிம்பில் ஒரு மீட்டர் அகலப் பட்டை மட்டும் விரித்த இடமும் ஏறக்குறைய முழுப் பாய்க்கு இணையாக மண்ணைத் தடுத்தது.

இந்த முடிவை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. ஷ்ராப்ஷர் மழை சாரல்; இராமேசுவரத்தில் ஒரு நாளில் 40 செ.மீ. கொட்டுகிறது. ஆனாலும் 10 மீட்டருக்கு ஒரு மீட்டர் பட்டை என்றால் பொருள்செலவு பத்தில் ஒன்றாகிறது. சாயல்குடி, நரிப்பையூர் பக்கம் பனங்காடும் ஓலை முடையும் கைகளும் இருக்கின்றன. தங்கச்சிமடம், உச்சிப்புளித் தோப்புகளில் தென்னை மட்டை கிடைக்கிறது. பொள்ளாச்சியிலிருந்து லாரியில் வர வேண்டிய பொருளல்ல இது. 2021 வேளாண் நிதிநிலை அறிக்கையில் பனை மேம்பாட்டு இயக்கத்தை அறிவித்த அரசு, பனை வெட்ட ஆட்சியர் அனுமதி வேண்டும் என்றும் சொன்னது. ஓலைக்குப் புதிய தேவை பிறந்தால் அந்த மரங்களைக் காக்க ஊருக்கும் ஒரு காரணம் கிடைக்கும்.

காற்றைத் தடுக்கப் படுத்த பாயைவிட நிமிர்ந்த வேலி மேல் என்பதற்கும் சான்றுகள் உண்டு. சீனாவின் ஷாபொதோவில், 1958இல் திறந்த பாவ்தோ–லான்ஜோ ரயில்பாதையை மணலிடமிருந்து காத்தது ஒரு மீட்டர் சதுரக் கட்டங்களாக ஊன்றிய வைக்கோல். ஜோத்பூர் வறள்நில ஆராய்ச்சி நிறுவனம் 1950களிலிருந்தே முள், புதர்க் கிளைகளைக் கட்டங்களாக நட்டு, நடுவில் கன்று வைத்து ராஜஸ்தானின் மணல்மேடுகளைப் பிடித்துக் காட்டியிருக்கிறது. இந்த வேலிகள் காற்றை முழுதும் மறிப்பதில்லை. ஏறத்தாழ பாதி இடைவெளி விட்ட வேலியே அதிக மணலைப் பிடிக்கும். பனையோலை வேலி அந்த அளவுக்கு அருகிலேயே அமைகிறது. நம் கடற்கரைக் குடிசைக்காரர்கள் பொறியியல் படிக்காமலே கட்டியது அது.

எது தீர்ந்தது, எது தீரவில்லை

சில விஷயங்களில் தீர்ப்புச் சொல்லலாம். அலை நேராக மோதும் முகப்பில் இழைவிரிப்பால் பயனில்லை. அங்கே கல்லோ, மணல் நிரப்பிய துணிக்குழாயோ, பின்வாங்குவதோதான் வழி. நகரும் மணல்மேட்டில் ஓலை வேலியும், அதன் மறைவில் நட்ட அடம்பும் இராவணன் மீசையும் நார்வலையைவிட மலிவானவை, பெரும்பாலும் மேலானவையும்கூட. நார்வலைக்கு உரிய இடம் கண்மாய்க் கரையின் வெளிச்சரிவும் சாலை மேடுகளும். அங்கும் அது புல்லுக்கு வழிவிடும் ஏற்பாடுதான்; புல் வராவிட்டால் விரித்த காசு வீண்.

தீராதவை பல. எந்தப் புல் என்பது முதல் கேள்வி: அருகா, கொழுக்கட்டைப் புல்லா, 1980களிலிருந்து உலக வங்கி வல்லுநர்கள் பரிந்துரைத்த வெட்டிவேரா? உவர் ஏறிய கரையில் இவற்றில் எது இரண்டாம் கோடையைத் தாண்டும்? நாரும் ஓலையும் பன்னிரண்டு மாத வெயிலுக்குப் பின் எவ்வளவு எஞ்சும்? பட்டை முறை வடகிழக்குப் பருவமழையின் ஒருநாள் கொட்டலைத் தாங்குமா? இவற்றோடு ஆடு. மழைக்குப் பின் பச்சை தெரியும் ஒரே இடம் கண்மாய்க் கரை என்றால் மந்தை அங்கேதான் வரும். முதல் இரண்டு ஆண்டு மேய்ச்சலை விலக்க ஊரின் ஒப்புதல் இல்லாத எந்தத் திட்டமும், வலையின் தரம் எதுவானாலும், தோற்கும். குடிமராமத்து என்ற பழைய ஏற்பாட்டை அரசு 2017இல் மீட்டெடுத்தபோது தூர் வாருவதற்கும் கரை உயர்த்துவதற்கும் கிடைத்த கவனம், உயர்த்திய கரையின் சரிவைப் பச்சையாக்குவதற்கும் கிடைத்திருக்க வேண்டும்.

இந்தக் கேள்விகளுக்கு விடை காணப் பெரும் பணம் தேவையில்லை. முகுந்தராயர் சத்திரத்தருகே சில மணற்பரப்புகள், இராஜசிங்கமங்கலம் கரையில் சில சரிவுகள். வெறும் மண், நார்வலை, ஓலைப் பட்டை, ஓலை வேலி என நான்கு வகை. மூன்று பருவமழை வரை அடியில் வடிந்து சேரும் மண்ணை எடைபோட ஒரு தராசு. வனத்துறையும் நீர்வளத் துறையும் கயிறு வாரியமும் ஒன்றாக உட்கார்ந்தால் இதைத் தொடங்கலாம். விரிப்பதானால் புரட்டாசிக்குள் விரித்தாக வேண்டும். ஐப்பசியில் மழை தொடங்கிவிடும்.